மூன்று பள்ளம்

பூவரசங் கட்டையை ஈரம் இருக்கும்போதே செதுக்கிவிட வேண்டும், ஐயா. காய்ந்துபோனால் உளி வழுக்கும். நாம் ஒரு பக்கம் தள்ளினால் அது ஒரு பக்கம் போகும். இது தெரியாமல் செய்வதால்தான் சந்தையில் விற்கிற கரண்டிகள் ஒரு வருஷத்துக்குள் வாயைப் பிளந்துகொள்கின்றன. உங்கள் மேசைமேல் கிடக்கிறதே, அது பிளக்காது. கொதிக்கிற சோற்றில் எத்தனை வருஷம் புரண்டாலும் பிளக்காது. ஏட்டையாவிடம் சொல்லி அந்தச் சணல் கயிற்றை மட்டும் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள். கைப்பிடியில் தடம் விழுந்துவிடும்.

என் பெயர் தேவநாதன். பிறந்தது கடலூர் முதுநகர், பிழைப்பது சிதம்பரத்தில். கரண்டி, மத்து, துடுப்பு, இதுதான் என் வேலை. கீழவீதியில் சாக்கு விரித்து உட்காருவேன். கல்யாணச் சமையல்காரர்கள் என்னிடம்தான் வாங்குவார்கள். ஏன் என்றால் யார் கைக்குப் போகிறது என்று தெரியாமல் நான் கைப்பிடியை முடிப்பதில்லை. இடது கைக்காரராக இருந்தால் ஒரு சாய்வு வைப்பேன். விரல் மடங்காத கிழவியாக இருந்தால் பிடியைப் பருமனாக விடுவேன். கரண்டியின் வாயை எல்லாரும் பார்ப்பார்கள், பிடியை யாரும் பார்க்கமாட்டார்கள். ஆனால் கையில் இருப்பது பிடிதானே.

என் தங்கை அமராவதி உங்களிடம் சொன்னதை நீங்கள் எழுதிக்கொண்டுவிட்டீர்கள். அதில் பொய் எதுவும் இருக்காது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. நான் வளர்த்த பெண். எனக்கு வருத்தமெல்லாம் ஒன்றுதான். கண் தெரியாத பெண், பக்கத்து வீட்டுத் தங்கம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஆனி மாசத்து வெயிலில் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து வந்திருக்கிறாள். செருப்புகூடப் போடவில்லையாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வண்டி வைத்துக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

நீங்களும் திருப்பித் திருப்பி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள், இந்தக் கரண்டியை எப்போது செய்தாய் என்று. அவளும் அதைத்தான் கேட்டாள். சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குத் தெரியும்.

அப்பா ரங்கூனுக்குப் போனவர், போனவர்தான். அம்மா மஞ்சள் காமாலையில் படுத்தபோது அமராவதிக்குப் பாவாடை முடிச்சுப் போடத் தெரியாத வயசு. எனக்கு மீசை அரும்பிவிட்டது. அம்மாவுக்குக் கடைசியில் வாய் குழறியது. ஆனால் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னாள்.

"அவளக் கைவுட்டுடாதடா."

சரி என்று தலையை ஆட்டினேன். பெற்றவளிடம் தலையை ஆட்டிவிட்டுப் பிறகு மறக்கிறவர்கள் இருக்கலாம். நான் அப்படிப்பட்டவன் இல்லை. அவளுக்குப் பேன் பார்த்தேன், சடை பின்னினேன். அவளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் உண்டு. வருகிறவள் இவளை எப்படி வைத்துக்கொள்வாளோ என்று வேண்டாம் என்றுவிட்டேன். போன வருஷம் அரிசிக்கு ஊரே வரிசையில் நின்றதே, அப்போதுகூட அவள் தட்டில் சோறு குறையவிடவில்லை.

வெயில் ஏறினால் அவளுக்குக் கண்வலி வந்துவிடும். இதற்காகவே கொல்லையில் நந்தியாவட்டைச் செடி வைத்தேன். பூவைக் கசக்கிச் சாறு பிழிந்து, அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு நான்தான் விடுவேன். துணியில் நனைத்து விட்டால் கண்ணில் நூல் விழும் பாருங்கள், அதனால் ஒரு குட்டிக் கரண்டி செதுக்கினேன். சுண்டுவிரல் நீளம்தான். ஒரு சொட்டுக்கு மேல் பிடிக்காது. என் கையால் செய்ததிலேயே அழகானது அதுதான் என்பேன். வேறு யார் மருந்து விட்டாலும் அமராவதி கண்ணை இறுக மூடிக்கொள்வாள். நான் விட்டால் மட்டும் திறந்து வைத்துக்கொள்வாள்.

வளர்ந்தாள். சமைக்க ஆரம்பித்தாள். சும்மா சொல்லக் கூடாது, அவள் கத்தரிக்காய் கொத்சு செய்தால் தெருவில் போகிறவன் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டுப் போவான். பிறகு மாப்பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். புவனகிரியிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கு அம்மா இருந்தாள். மாமியாரிடம் இவள் மாட்டிக்கொள்வாளே என்று வேண்டாம் என்றேன். பரங்கிப்பேட்டையிலிருந்து இன்னொருவர். அவருக்கு அம்மா இல்லை. நாளைக்குப் பிள்ளைப்பேறு என்று வந்தால் யார் பார்ப்பது. திருவதிகைக்காரர் ஒருவர் குடிக்கமாட்டார் என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். ஆனால் அந்த முகம் குடிக்கிற முகம். தங்கம்மாள் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டாள். "ஒனக்கு எந்த மாப்புளதான்யா ஆவும்? செஞ்சுதான் குடுக்கணும் போலருக்கு, ஒன் கரண்டி மாரி" என்று கேலி பேசினாள். நான் சிரித்துக்கொண்டேன்.

தங்கம்மாளே ஒருவரைக் கொண்டுவந்தாள், தன் தம்பி மகன், பழனிவேல். நெல்லிக்குப்பத்தில் கரும்பாலையில் ஃபிட்டர். நானும் தேடித் தேடிப் பார்த்தேன், குறை ஒன்றும் அகப்படவில்லை. அது எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லலாமென்று வாயெடுக்கும்போது கதவுக்குப் பின்னாலிருந்து அமராவதி, "எனக்குப் புடிச்சிருக்குண்ணே" என்றாள். அதுவரைக்கும் எந்த மாப்பிள்ளையைப் பற்றியும் அவள் வாயைத் திறந்ததில்லை.

நான் மறுக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கார்த்திகையில் வெற்றிலை பாக்கு மாற்றினோம். ஆலையில் கரும்பு அரவை முடிந்தால்தான் பழனிவேலுக்கு லீவு கிடைக்கும் என்று வைகாசியில் கல்யாணம் வைத்தோம். அவ்வளவு இடைவெளி வேண்டுமென்று நான் கேட்கவில்லை. அவர்களாகத்தான் கேட்டார்கள்.

எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். ஆனால் யோசிக்கிறதுக்கு ஒருவராவது வேண்டுமே. தேர் பார்க்கப் போனால்கூட இவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள். நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஏற்றிய வண்டியும் டிராக்டரும் விடாமல் போய்க்கொண்டிருக்கும். புருஷன் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் இவளை யார் பார்ப்பார்கள்? கண்வலி வந்தால் யார் மடியில் தலை வைப்பாள்? எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொல்லையில் உட்கார்ந்து அழுதேன்.

பொங்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் புதுப்பானை மாதிரி புதுக் கரண்டியும் அன்றைக்குத்தான் எடுப்பார்கள். வருஷா வருஷம் அவளுக்கு ஒரு கரண்டி செய்வேன். இந்தத் தடவை நாலு செய்தேன். கல்யாணத்துக்கு முந்தின பொங்கல் இல்லையா. இந்தக் கரண்டியில்தான் அன்றைக்குப் பொங்கல் கிண்டினாள். வாசலில் நின்று, பொங்குகிறதைப் பார்த்து, குழந்தை மாதிரி சிரித்தாள். பிறகு கரண்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே இது, கட்டவெரல் வைக்கிற எடத்துல பள்ளம் பள்ளமா கெடக்கு?" என்றாள். கை வழுக்காமல் இருக்க என்றேன். அழகாக இருக்கிறது என்றாள்.

மாசி மகத்துக்குக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடை போட்டேன். சாமிகள் எல்லாம் கடலுக்கு வரும், நல்ல கூட்டம். அமராவதியையும் அழைத்துப்போனேன். பழனிவேலும் வந்தார். இரண்டு பேரும் கடற்கரையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தார்கள். நான் தடுக்கவில்லை. கடல் பார்க்கட்டும் என்றுதான் இருந்தேன்.

அந்தக் கூட்டத்திலிருந்து திரும்பியதும் அவளுக்குக் கண்வலி வந்தது. வழக்கமாக வருகிறதுதான். நந்தியாவட்டைப் பூவைப் பறித்தேன், மடியில் தலையை வைத்துக்கொண்டேன். கண்ணை நன்றாகத் திற என்றேன். திறந்தாள். அந்தத் தடவை எரிச்சல் ஜாஸ்தியாக இருந்தது. துடித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். மருந்தென்றால் எரியத்தான் செய்யும் என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். மறுநாளும் விட்டேன். அதற்கு மறுநாள் அவள் வேண்டாம் என்றாள். அண்ணன் சொன்னால் கேட்கிற பெண், திரும்பவும் தலையை வைத்தாள்.

வீக்கம் வடிந்தபோது பார்வை இல்லை. கடலூருக்குப் பஸ்ஸில் அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டினேன். என்ன விட்டாய் என்று கேட்டார். நந்தியாவட்டை என்றேன். நாட்டு வைத்தியத்தை எல்லாம் சேர்த்துத் திட்டினார். தாமதமாகக் கொண்டுவந்துவிட்டாய் என்றார். அதுவும் உண்மைதான், நான் உடனே கொண்டுபோகவில்லை.

வரும்போது பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். சின்னப் பிள்ளையில் சாய்ந்துகொள்கிற மாதிரியே. அழுது அழுது தூங்கிவிட்டாள். எனக்கு மனசுக்கு நிம்மதியாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

பழனிவேலைப் பற்றி நான் போட்ட கணக்கு தப்பிவிட்டது. சேதி தெரிந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் அரவைக்கு நடுவில் ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு சைக்கிளிலேயே சிதம்பரத்துக்கு வந்துவிட்டார். கீழவீதியில் என் சாக்குக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "கண்ணு போனா என்ன மச்சான். அவுங்க அவுங்கதானே. நான் கட்டிக்கிறேன்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. நல்ல பிள்ளை. அவளுக்கு இஷ்டமில்லை, உங்கள் பேச்சை எடுத்தாலே அழுகிறாள் என்று சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கு வந்து அவளிடம், அவுங்க வேற எடம் பாக்குறாங்களாம் என்றேன். அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். நான் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

தங்கம்மாள் இருந்திருந்தால் அப்போதே விஷயம் வெளியாகியிருக்கும். அவள் மகளுடைய பிரசவத்துக்கென்று கடலூர் போய் அங்கேயே தங்கிவிட்டாள். அதனால் சித்திரை, வைகாசி இரண்டு மாசமும் வீடு அமைதியாக இருந்தது. அமராவதிக்கு மெல்ல மெல்ல அடுப்படி பழகிவிட்டது. நான்தான் அவளுக்குக் கரண்டிகளைச் சொல்லிக்கொடுத்தேன். கட்டைவிரலை வைத்துப் பார், ஒரு பள்ளம் இருந்தால் குழம்பு, இரண்டு இருந்தால் ரசம், மூன்று இருந்தால் சோறு, குறுக்கே கோடு இருந்தால் கொத்சு மசிக்கிறது. ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். ஒன்றுக்கு ஒன்று மாற்றி எடுத்ததே இல்லை. கண் இருக்கிற பெண்கள் சமைக்கிற மாதிரி சமைத்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா.

முந்தாநாள் தங்கம்மாள் ஊரிலிருந்து வந்தாள். நேராக எங்கள் அடுப்படிக்குப் போய் அமராவதியைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் கொல்லையில் மத்துக்குக் கட்டை செதுக்கிக்கொண்டிருந்தேன். உளியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். முதலில் பழனிவேல் பேச்சு வந்தது. நீ வேண்டாம்னு சொன்னியாமே என்றாள் ஒருத்தி. அவுங்கதானே வேண்டாம்னாங்க என்றாள் இன்னொருத்தி. பேச்சை மாற்றுகிற மாதிரி தங்கம்மாள், இப்புடி வக்கணையா எப்புடிம்மா சமைக்கிற என்று கேட்டாள். அமராவதி பள்ளங்களைத் தொட்டுக் காட்டினாள். கண்ணு போனப்புறம் அண்ணன் செஞ்சு குடுத்தாரா என்று தங்கம்மாள் கேட்டாள். இவள், இல்லியே அத்தை, பொங்கலுக்கே செஞ்சது என்றாள். சொன்ன பிறகு அவள் குரல் நின்றுவிட்டது.

தங்கம்மாள் போனபின் நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். இலை போட்டாள். சோறு போட்டாள். இந்தக் கரண்டியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அண்ணே, இத நீ எப்போ செஞ்ச?"

"பொங்கலுக்குத்தான். ஒனக்குத் தெரியாதா?"

"பொங்கலுக்கு எனக்குக் கண்ணு இருந்துச்சே."

குழம்பு ஊற்று என்றேன். ஒரு பள்ளம் வைத்த கரண்டியை எடுத்து, தடுமாறாமல் ஊற்றினாள். நன்றாகத்தான் இருந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

எனக்குப் பூவரசு வருவது கிள்ளைப் பக்கம், பிச்சாவரத்துக் கால்வாய் ஓரத்திலிருந்து. படகுக்காரன் சின்னதம்பி வெட்டிக் கொடுப்பான். அந்த உப்பங்கழியில் தில்லை மரமும் உண்டு. எங்கள் ஊருக்கே பெயர் கொடுத்த மரம். பெயரைச் சொல்லிக் கும்பிடுகிறவர்கள் ஆயிரம் பேர், மரத்தைப் பார்த்தவர்கள் குறைவு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று விறகுக்குக்கூட அதை வெட்டமாட்டார்கள். சின்னதம்பிக்கு ஒரு தடவை தெறித்து, ஒரு கண் இன்னும் மங்கல்தான். தெரியாத்தனமாக ஒரு தடவை பட்டால் சில பேருக்குத் தெளிந்துவிடுவதும் உண்டு, மறுபடி மறுபடி பட்டால்தான் போச்சு என்று அவன் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான். மார்கழியில் நானே படகில் போய் அந்தப் பாலை எடுத்துவந்தேன். என்னத்துக்கு என்று கேட்டான். பூச்சி அரிக்காமல் இருக்க மரத்தில் தடவ என்றேன். அவன்மேல் தப்பில்லை. அவனை இழுக்காதீர்கள்.

உயிருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. எங்கள் தெருவில் குப்பு வீட்டு ஆட்டின் கண்ணில் முதலில் விட்டுப் பார்த்தேன். அது சாகவில்லை. சுவரை உரசிக்கொண்டு நடந்தது, தழை தின்றது, கூப்பிட்டால் குரல் கேட்ட பக்கம் வந்தது. கண் இல்லாமல் போனபிறகு அது குப்புவை விட்டு ஒரு அடி நகரவில்லை. அதைப் பார்த்தபிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

அதற்கப்புறம் இந்த நாலு கரண்டியையும் செதுக்கினேன். போகிக்கு முந்தின வாரம். கண் இல்லாதவள் கைக்குப் போகிற கரண்டி, பிடியில் அடையாளம் வேண்டாமா? கண் போனபிறகு வெட்டிக்கொள்ளலாமே, இப்படி மாட்டிக்கொண்டிருக்கமாட்டாயே என்று ஏட்டையா கேட்டார். அதற்குத்தான் முதலிலேயே சொன்னேன். பூவரசு காய்ந்துவிட்டால் உளி வழுக்கும். அப்போது பள்ளம் வெட்டினால் ஓரம் சிலும்பும், சிலாம்பு அவள் விரலில் ஏறும். பார்க்கிற கண் இருந்தாலாவது முள்ளைப் பிடுங்கிக்கொள்வாள். அவள் விரலைக் குத்துகிற ஒரு சாமானை நான் எப்படி ஐயா செய்வேன்?

ஆமாம், நான்தான் செய்தேன். நந்தியாவட்டைச் சாற்றில் தில்லைப் பாலைக் கலந்து, அந்தக் குட்டிக் கரண்டியால், இரண்டு கண்ணிலும் நானே விட்டேன். கோபத்தில் செய்ததில்லை. பெற்றவளுக்குத் தலையை ஆட்டியிருக்கிறேன், அதனால் செய்தேன். எங்கே கைநாட்டு வைக்க வேண்டுமோ சொல்லுங்கள், வைக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். கேஸ் முடிந்ததும் இந்தக் கரண்டியை அவளிடமே சேர்த்துவிடுங்கள். அவள் தங்கம்மாளோடு நெல்லிக்குப்பம் போகப்போகிறாள் என்று சொன்னீர்கள். அந்த வீட்டுக் கரண்டிகளில் அடையாளம் எதுவும் இருக்காது. ரசத்துக்கும் குழம்புக்கும் மாற்றி எடுத்துவிட்டு எல்லார் எதிரிலும் முழிப்பாள். மற்ற மூன்றையும் கையோடு எடுத்துக்கொண்டாளா என்று ஏட்டையாவைக் கேட்டேன். சோதனை போடப் போனவருக்கு அடுப்பில் கரிதான் கிடைத்ததாம். ஸ்டேஷனுக்குப் புறப்படுவதற்கு முன்னால், மூன்றையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து எடுத்து அடுப்பில் வைத்தாள் என்று தங்கம்மாள் சொன்னாளாம்.

கண் தெரியாத பெண். விறகென்று நினைத்திருப்பாள். இதற்குத்தான் ஐயா, பக்கத்திலேயே ஒரு ஆள் இருக்க வேண்டும் என்கிறேன்.